'லாஸ்ட் நேம்' கேக்குதே, என்ன போடுறது தம்பி? - ஒரு வெப் டெவலப்பரின் தருமபுரி நாள்கள்

தருமபுரியிலிருந்து பாலக்கோடு போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமம். அங்கே ஒரு வெப் டெவலப்பர் இருக்கிறார். வயது 28. அவர் செய்யும் வேலையைப் பற்றி ஊரில் மூன்று விதமான கருத்துகள் உண்டு.

'கம்ப்யூட்டர்ல ஏதோ டைப் அடிக்கிறான்' என்பது பெரியப்பாவின் கருத்து. 'வீட்டுலயேதான் இருக்கான், சம்பளம் மட்டும் எப்படியோ வருது' என்பது எதிர்வீட்டுக்காரரின் கருத்து. அம்மா சொல்வது வேறு. 'ராத்திரி ஒன்பது மணிக்கு இங்கிலீஷ்ல யாருகிட்டயோ சாரி சொல்லிக்கிட்டே இருக்கான்.'

மூன்றில் அம்மா சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது.

2019-ல் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தவர். மறுவருடம் மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஒரு பையும் லேப்டாப்புமாக வீடு திரும்பினார். 'ரெண்டு வாரம்' என்று சொல்லித்தான் வந்தார். கம்பெனி பிறகு 'மாசத்துக்கு ரெண்டு நாள் ஆபீஸ் வந்தா போதும்' என்று சொல்லிவிட, ராகிக்களியும் கீரைக் கடைசலும் கிடைக்கிற வீட்டிலேயே தங்கிவிட்டார். இந்தக் கட்டுரை பெயர்களைப் பற்றியது. ஆனால், அவர் பெயர் இதில் வராது.

வெப் டெவலப்பர் என்றால் என்ன வேலை? நீங்கள் போனில் ஒரு வெப்சைட்டைத் திறக்கிறீர்கள். எழுத்து எந்த அளவில் தெரிய வேண்டும், பட்டனைத் தொட்டால் என்ன நடக்க வேண்டும், தப்பாக எதையாவது டைப் செய்தால் சிவப்பில் என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருப்பார். அந்த யாரோ ஒருவர்தான் இவர். எல்லாம் சரியாக ஓடினால் அப்படி ஓர் ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. பட்டன் வேலை செய்யாத அன்றைக்குத்தான் 'எவன்யா இதைச் செஞ்சது' என்று தேடுவார்கள்.

ஊருக்கு இந்த விளக்கமெல்லாம் தேவையில்லை. 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்' என்றால் எல்லாம் தெரிந்தவன். பக்கத்து வீட்டு பிரின்ட்டரில் பேப்பர் சிக்கினால் கூப்பிடுவார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலை, தெருப் பிள்ளைகளின் பதிவு எண்கள் எல்லாம் இவர் வாட்ஸ்அப்பில் வரிசையாக வந்து விழும். மாமா ஒருவர் டி.வி ரிமோட்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இவரும் முடியாது என்று சொல்வதில்லை. பிரின்ட்டர் விஷயத்தில் அவருக்கு ஒரு ரகசியம் உண்டு. ஆஃப் செய்து ஆன் செய்வது. பத்தில் எட்டு முறை அதுவே போதும்.

காலை பத்து மணிக்கு டீம் மீட்டிங். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஆளுக்கு இரண்டு நிமிடம் பேச வேண்டும். பிறகு 'டிக்கெட்'. சினிமா டிக்கெட் இல்லை, செய்ய வேண்டிய வேலைக்கு இந்தத் துறையில் அப்படித்தான் பெயர். 'பட்டன் நிறம் மாற வேண்டும்' என்பதும் ஒரு டிக்கெட்தான். 'பணம் கட்டியவருக்கு ரசீது போகவில்லை' என்பதும் ஒரு டிக்கெட்தான். முதலாவது பத்து நிமிடத்தில் முடியும் என்று உட்கார்ந்து இரண்டு நாள் இழுத்ததும் உண்டு, இரண்டாவது ஒரு புள்ளியைச் சேர்த்ததும் சரியானதும் உண்டு.

மாலையில்தான் கிளையன்ட் வருவார். அமெரிக்காவின் கிழக்குக் கரை. அவருக்குக் காலை பத்து மணி என்றால் இங்கே மாலை ஏழரை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள். அன்றிலிருந்து மார்ச் வரை அதே மீட்டிங் இங்கே எட்டரைக்கு. அமெரிக்கக்காரர் கடிகாரத்தைத் திருப்பினால் தருமபுரியில் ஒரு வீட்டில் இரவுச் சாப்பாடு தள்ளிப்போகிறது. அம்மாவுக்கு இதை எத்தனை முறை விளக்கியும், 'அதெப்படி நேரத்தை மாத்துவாங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கிளையன்ட் நடத்துவது ஒரு பயிற்சி வெப்சைட். வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் பதிவு செய்து, பாடம் படித்து, தேர்வெழுதி, சான்றிதழ் வாங்கலாம். பதிவு செய்கிறவர்களில் இந்தியர்களும் நிறைய. சென்ற ஆண்டு அந்த வெப்சைட்டின் பதிவுப் பக்கத்தைப் புதிதாகச் செய்யும் வேலை இவருக்கு வந்தது. டிக்கெட்டில் இருந்தது இவ்வளவுதான்: 'ஃபர்ஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்' என இரண்டு கட்டங்கள். இரண்டும் கட்டாயம். குறைந்தது இரண்டு எழுத்து. ஆங்கில எழுத்து மட்டும்.

அரை நாள் வேலை. ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்க, கட்டாயம் என்று பொருள்படும் 'ரெக்வயர்டு' என்கிற ஒற்றை வார்த்தையைச் சேர்த்தால் போதும். 2014-ல் வெப் தரமாக அறிவிக்கப்பட்ட ஹெச்.டி.எம்.எல் 5 தந்த வசதி இது. அதற்கு முன்பு இதற்கே நாலைந்து வரி எழுத வேண்டும். இப்போது ஏஐ-யிடம் 'ஒரு பதிவுப் பக்கம் எழுதிக் கொடு' என்று கேட்டாலும், இவர் பார்த்தவரை, பெரும்பாலும் இதே இரண்டு கட்டங்களோடுதான் கொடுக்கிறது. உலகம் முழுக்க அப்படித்தான் இருக்கிறது என்றால் அதுவும் வேறென்ன செய்யும்?

அந்த வாரம்தான் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கே கரன்ட்டை நிறுத்தினார்கள். ஊருக்கும் டவுனுக்கும் ஒரே நாளில் கரன்ட் போவதில்லை என்பதால், அந்த மாதிரி நாள்களில் இவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தருமபுரி வந்துவிடுவார். தூரத்து உறவில் அக்கா முறையாகும் ஒருவர் அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பேருக்குத்தான் ஜெராக்ஸ். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், டி.என்.பி.எஸ்.சி, ரயில் டிக்கெட், காலேஜ் அப்ளிகேஷன் என எல்லா ஆன்லைன் வேலையும் அங்கே நடக்கும். மூலையில் ஒரு ஸ்டூல், ஒரு பிளக் பாயின்ட். இவருக்கு அது போதும்.

அன்றைக்கு வத்தல்மலையிலிருந்து ஒரு பெண்ணும் அவர் அப்பாவும் இறங்கி வந்திருந்தார்கள். நர்சிங் படிப்புக்கு ஒரு தனியார் கல்வி நிறுவனத்தின் அப்ளிகேஷன். அன்றுதான் கடைசி நாள். அக்கா கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தவர், ஓர் இடத்தில் நின்றுவிட்டார்.

"லாஸ்ட் நேம் கேக்குது பாப்பா."

"எனக்கு ஒரே பேருதாங்க்கா. முன்னாடி எம் இனிஷியல்."

அக்கா காலியாக விட்டுப் பார்த்தார். கட்டத்தை நிரப்பு என்றது. 'எம்' என்று போட்டார். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது. 'எம்' போட்டு ஒரு புள்ளி வைத்தார். சிறப்புக் குறிகள் கூடாது என்றது. அந்தப் பெண்ணின் அப்பா இதையெல்லாம் ஏதோ பரீட்சை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார், கைகளைக் கட்டிக்கொண்டு. கடைசியில் அக்கா அவரிடமே திரும்பினார்.

"உங்க பேரை முழுசா சொல்லுங்கண்ணா."

அப்பா பெயரைப் போட்டதும் ஃபார்ம் ஏற்றுக்கொண்டது. ஆனால், மார்க் ஷீட்டில் இருப்பது ஒற்றை எழுத்து இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். இங்கே இப்போது அப்பாவின் முழுப்பெயர். ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர்.

"பின்னாடி வெரிஃபிகேஷன்ல கேப்பாங்க, பாத்துக்கலாம்" என்று அக்கா சொல்லிவிட்டு, மேஜை டிராயரிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். பெண்ணின் பெயர், தேதி, எந்த வெப்சைட்டில் பெயரை எப்படிப் பிரித்துப் போட்டோம் என்பதை எழுதிக்கொண்டார். அந்த நோட்டில் பக்கம் பக்கமாக அதுதான் இருந்தது. இன்னார், இந்த சைட், அப்பா பேரு பின்னாடி. இன்னார், அந்த சைட், ஒரே பேரு ரெண்டு தடவை. 'ஆறு மாசம் கழிச்சு ஹால் டிக்கெட் எடுக்க வந்து, அன்னைக்கு என்ன பேரு போட்டோம்னு எங்கிட்டதான் கேக்குறாங்க' என்பது அக்காவின் விளக்கம்.

இது தற்செயல்தான். ஆனால், மூலையில் ஸ்டூலில் இருந்தவரின் லேப்டாப்பில் அந்த நேரம் திறந்திருந்தது இன்னும் முடிக்காத அந்த டிக்கெட். கட்டாயம். குறைந்தது இரண்டு எழுத்து. ஆங்கில எழுத்து மட்டும்.

பெயருக்குக் கடைசியில் குடும்பப் பெயர் ஒன்று இருக்கும் என்பது மேற்கத்திய நாடுகளின் வழக்கம். வெப் பிறந்தது அங்கே. டிம் பெர்னர்ஸ்-லீ சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் 1989-ல் அதற்கான திட்டத்தை எழுதினார், 1995-ல் வந்த ஹெச்.டி.எம்.எல் 2.0 தரத்தில் ஃபார்ம்களும் இடம்பெற்றன. பெயரை இரண்டாக வெட்ட வேண்டும் என்று அந்தத் தரம் சொல்லவில்லை. செய்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை மனதில் வைத்துச் செய்தார்கள், பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். அவ்வளவுதான்.

தமிழர்கள் இந்தக் கட்டத்தோடு மல்லுக்கட்டுவது இன்று நேற்றல்ல. முன்னாள் செஸ் உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்தை வெளிநாட்டில் எல்லோரும் 'விஷி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். விஸ்வநாதன் அவருடைய அப்பா பெயர். உலகமே ஒரு மனிதரை அவர் அப்பாவின் செல்லப்பெயரால் கூப்பிடுகிறது, அவரும் போகட்டும் என்று விட்டுவிட்டார். கூகுளின் சுந்தர் பிச்சைக்கு பெற்றோர் வைத்த பெயர் சுந்தரராஜன். பிச்சை அப்பாவின் பெயரிலிருந்து வந்தது. அமெரிக்காவில் அதுவே அவர் குடும்பப் பெயர்போல ஆகிவிட்டது. இவர்கள் பெரிய ஆட்கள், பெயர் எப்படி நின்றாலும் உலகம் அடையாளம் கண்டுகொள்ளும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள சாதாரணமானவர் அமெரிக்க விசா எடுத்தால், முதல் பெயருக்கான இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று வரும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. சொந்தப் பெயர் தெரிந்தே இருக்கிறது. அதற்கான கட்டம்தான் இல்லை.

2022 நவம்பரில் இது ஒரு பெரிய பதற்றமாகவே வெடித்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் விசிட் விசாவில், டூரிஸ்ட் விசாவில் வந்தால் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. விமான நிறுவனங்கள் சுற்றறிக்கை அனுப்பின. மகன் வீட்டுக்கு, மகள் பிரசவத்துக்கு என டிக்கெட் எடுத்து வைத்திருந்த அப்பா அம்மாக்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு விளக்கம் வந்தபின்தான் மூச்சு வந்தது.

நமக்கு ஏன் லாஸ்ட் நேம் இல்லை என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. முன்பு பலர் பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருந்தது. சாதிப் பட்டம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் பெரியார் கூட்டிய முதல் மாகாண சுயமரியாதை மாநாட்டில், பெயரோடு சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். உடனே ஊர் முழுக்க மாறிவிடவில்லை. இரண்டு தலைமுறையில் மெள்ள மெள்ள மாறியது. இந்த டெவலப்பரின் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும் பழைய நிலப் பத்திரத்தில் தாத்தா பெயருக்குப் பின்னால் அந்த வால் இருக்கிறது. அப்பாவின் ரேஷன் கார்டில் இல்லை. இவரிடம் இல்லவே இல்லை. சாதி ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால், பெயரைச் சொன்னதுமே அது வெளியே தெரியாமல் இருப்பது சின்ன விஷயமும் இல்லை.

அக்காவின் கடையில் ஒருநாள் இதுவும் நடந்தது. லாஸ்ட் நேம் கேட்கிறதே என்ன போடலாம் என்று யோசித்த ஒரு பெரியவர், பையனின் சாதிப் பெயரையே போட்டுவிடச் சொன்னார். பத்தொன்பது வயதுப் பையன் 'வேணாம்ப்பா' என்றான். அப்பா பெயரைப் போட்டுக்கொண்டு போனார்கள். தாத்தா காலத்தில் வெட்டிய வாலை, ஒரு ஃபார்ம் வந்து 'எங்கே அது?' என்று கேட்கிறது. ஃபார்மை எழுதியவர்களுக்கு இந்தக் கேள்வி இப்படிப் போய் விழும் என்று தெரிந்திருக்காது.

வாரக் கடைசி மீட்டிங்கில் இவர் இதைப் பேசினார். 'பெயருக்கு ஒரே கட்டம் வைப்போம், முழுப்பெயர் என்று மட்டும் கேட்போம்.' வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ-த்ரீ-சி அமைப்பு உலகப் பெயர்களைப் பற்றி வெளியிட்டிருக்கும் கட்டுரையும், பிரிக்கத் தேவையில்லை என்றால் பெயரைப் பிரிக்காதே என்றுதான் சொல்கிறது. ஜப்பானில் இருந்த பேட்ரிக் மெக்கென்சி என்கிற புரோகிராமர், பெயர்களைப் பற்றி புரோகிராமர்கள் நம்பும் 40 தவறுகள் என்று 2010-லேயே ஒரு பட்டியல் போட்டு, அது துறை முழுக்கப் பிரபலம். அதிலும் இது வருகிறது. இதையெல்லாம் இவர் எடுத்துச் சொன்னார்.

கிளையன்ட் அசையவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. சான்றிதழ் அச்சிடும் சாஃப்ட்வேர், மெயில் அனுப்பும் சாஃப்ட்வேர் எல்லாமே இரண்டு கட்டங்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றை மாற்றினால் நாலு இடத்தில் உடையும். 'டேட்டா சுத்தமாக இருக்க வேண்டும்' என்பது அவருடைய வாதம்.

அந்த வார்த்தையைத்தான் இவர் பிடித்துக்கொண்டார். அடுத்த மீட்டிங்குக்கு, பழைய பதிவுகளில் லாஸ்ட் நேம் கட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் எடுத்துக் காட்டினார். யாருடைய முழு விவரமும் இல்லாமல், அந்த ஒரு வரிசை மட்டும். திரையில் இறங்கிக்கொண்டே வந்தன. 'இல்லை', 'இல்லவே இல்லை', 'அதே பெயர்', 'எக்ஸ் எக்ஸ்', 'கே கே', 'அப்பா பெயர்'. ஒருவர் தன் ஊர்ப் பெயரைப் போட்டிருந்தார். இன்னொருவர் 'மேலே பார்க்கவும்'.

கட்டாயம் என்று சொன்னால் மக்கள் உண்மையைத் தருவார்கள் என்பது ஃபார்ம் போடுகிறவர்களின் நம்பிக்கை. மக்கள் தருவது, கட்டத்தை நிரப்பும் ஏதோ ஒன்றை. காலியாக விட்டிருந்தால் அது சுத்தமான டேட்டாவாக இருந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், மீட்டிங்கில் இருந்த டீம் ஆட்களிலேயே பாதிப் பேருக்கு இந்தக் கட்டம் பொருந்தாது. மேனேஜர் ஹாசன் பக்கத்துக் கன்னடர், அவருக்கும் இனிஷியல்தான். ஆந்திராக்காரர் ஒருவருக்கு வீட்டுப் பெயர் உண்டு, ஆனால் அது முன்னால் வரும். பி.வி.நரசிம்ம ராவின் 'பி' மாதிரி. 'பாமுலபர்த்தி' அவர் வீட்டுப் பெயர். இத்தனை பேர் வருடக்கணக்காக இந்த இரண்டு கட்டங்களைச் செய்து கொடுத்துக்கொண்டே, தங்கள் பெயர்களை அதற்குள் மடக்கி மடக்கி வைத்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

கடைசியில் பாதி வெற்றி. இரண்டு கட்டங்களும் இருக்கும். ஆனால் லாஸ்ட் நேம் கட்டாயமில்லை. ஒற்றை எழுத்தும் போகும். புள்ளி வைக்கலாம். எந்த மொழி எழுத்தையும் ஏற்கும். கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், 'உங்கள் சான்றிதழில் பெயர் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே எழுதவும்.'

'எந்த மொழி எழுத்தையும்' என்று சொல்வது சுலபம். அதற்குப் பிறகுதான் இவருக்கு ஒன்றரை நாள் வேலை வந்தது. எழுத்துகளை மட்டும் அனுமதி என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னால், அது தமிழில் 'க'-வை விடும், 'கு'-வை விடாது. யூனிகோடில் உயிர்மெய்யை ஒரே எழுத்தாக வைக்கவில்லை. 'க' ஓர் எழுத்து, அதோடு சேரும் உகரம் ஒரு குறி. காலும் கொம்பும் புள்ளியும் எல்லாம் குறிகள்தான். அதனால் 'எழுத்து மட்டும்' என்று கதவைப் போட்டால், கால் வெளியே நிற்கும், கொம்பு வெளியே நிற்கும். அவற்றுக்குத் தனியாக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். முதல் முறை பாட்டியின் பெயரைத் தமிழில் போட்டுச் சோதித்தபோது ஃபார்ம் அதைத் தள்ளிவிட்டது. பாட்டி பெயரில் இரண்டு கால் இருந்தது.

'தமிழ்' என்று எழுதினால் நமக்கு மூன்றெழுத்து. கம்ப்யூட்டர் ஐந்து என்று எண்ணும். த, ம, அதன் மேல் விசிறி, ழ, அதன் மேல் புள்ளி. இதனால் இன்னொரு விநோதமும் உண்டு. 'குறைந்தது இரண்டு எழுத்து' என்ற பழைய விதியில் 'கே' என்று ஆங்கில இனிஷியல் ஒன்றைப் போட்டால் போகாது. அதையே தமிழில் 'கோ' என்று போட்டால் போயிருக்கும், தமிழ் எழுத்தை அந்த ஃபார்ம் விட்டிருந்தால். ஏனென்றால் 'கோ' கம்ப்யூட்டர் கணக்கில் இரண்டு. தமிழ்நாடு அரசு 2021 இறுதியில், மாணவர்களும் அரசு ஊழியர்களும் இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அப்படி எழுதப் பழகி வெளியே வரும்போது, அதை வாங்கிக்கொள்ளும் கட்டங்கள் எத்தனை வெப்சைட்டில் இருக்கும் என்பது இவரைப் போன்றவர்கள் கையில் இருக்கிறது.

குறுஞ்செய்தியிலும் இதே கதை. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்-ஸுக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70-தான், அதுவும் கம்ப்யூட்டர் எண்ணுகிற 70. அதற்கு மேல் போனால் இரண்டு மெசேஜ் காசு. 'பதிவு முடிந்தது' என்பதைத் தமிழிலும் அனுப்பலாமே என்று இவர் கேட்டார். அது அடுத்த ஆண்டுப் பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று ஒத்திப்போய் இருக்கிறது.

மாற்றம் ஒரு வியாழக்கிழமை இரவு லைவ் ஆனது. பாராட்டு மெயில் எதுவும் வரவில்லை. புகாரும் வரவில்லை, இந்தத் தொழிலில் அதுதான் பாராட்டு. அம்மாவிடம் சொன்னார், 'இனிமே எங்க வெப்சைட்ல இனிஷியல் மட்டும் போட்டாலே போதும்மா.' அம்மா தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே, 'இதுக்கா இத்தனை நாளா அந்தாளுகிட்ட சண்டை போட்ட?' என்றார்.

வத்தல்மலைப் பெண்ணுக்கு இதனால் எந்த உதவியும் இல்லை. அவர் நிரப்பியது வேறு யாரோ செய்த ஃபார்ம். அக்கா சொன்னபடியே வெரிஃபிகேஷனில் நிறுத்தினார்கள், மூன்று பெயரும் ஒருவருடையதுதான் என்பதற்கு ஆதாரம் கேட்டு. அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி போனது. நோட்டரியிடம் ஒரு பத்திரம், படித்த பள்ளியின் தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம். சீட் கிடைத்துவிட்டது. ஆனால், ஸ்காலர்ஷிப் பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கில் பெயர் இன்னொரு மாதிரி இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்காக அவர்கள் மறுபடியும் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். அக்கா நோட்டை எடுத்தார். நான்காவது பெயரையும் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கும் ஊரில் கரன்ட் இல்லை. இவர் மூலை ஸ்டூலில் இருந்தார். அந்தப் பெண்ணின் அப்பா கிளம்பும்போது, அவருக்கு எப்படியோ விஷயம் தெரிந்து, பக்கத்தில் வந்து கேட்டார்.

"தம்பி, நீங்கதான் இந்த ஃபார்மெல்லாம் செய்யற ஆளுன்னு அக்கா சொன்னாங்க. எங்க ஆளுங்களுக்கு ஒத்தப் பேருதானுங்க. அதை யார்கிட்டச் சொன்னா மாத்துவாங்க?"

இவர் அந்தக் கல்வி நிறுவனத்தின் வெப்சைட்டில் கருத்துச் சொல்வதற்கான பக்கத்தைத் தேடி எடுத்து, நடந்ததை ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, அவரிடம் தமிழில் படித்துக் காட்டினார். அவர் சரி என்று தலையாட்டினார். அனுப்புவதற்கு முன்பு அந்தப் பக்கமும் பெயர் கேட்டது. ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.

அப்பா பெயரைப் போட்டு அனுப்பினார்கள். பதில் இன்னும் வரவில்லை.

இவருக்கு இப்போது வேறு டிக்கெட். அதே வெப்சைட்டில், சான்றிதழைத் தபாலில் வாங்க நினைக்கிறவர்களுக்கு முகவரிப் பக்கம். அமெரிக்காவில் செய்து அனுப்பிய மாதிரி வந்திருக்கிறது. வீட்டு எண், தெருப் பெயர், இரண்டும் கட்டாயம். மாரியம்மன் கோயிலுக்கு எதிரில், ரேஷன் கடைக்குப் பின்னால் என்று முகவரி சொல்கிற ஊர்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, கீழே இருந்த ஜிப் கோடு கட்டத்தில் தருமபுரியின் பின்கோடை அடித்துப் பார்த்தார். 6, 3, 6, 7, 0.

கடைசி 1 உள்ளே போகவில்லை.